வாட்பிடியின் கொடியும் கவ்வாத்துக் கத்தியும்

ஒரு சமூகம் தன் முன்னோரின் கைவேலைகளுள் எவற்றைப் பேணுகின்றது, எவற்றைக் கைவிடுகின்றது என்பது தற்செயலாக நிகழ்வதன்று. பேணப்படும் பொருளுக்குப் பின்னாற் பேணுவோரின் நலன் நிற்கின்றது. கைவிடப்படும் பொருளுக்குப் பின்னால் அதனைக் கையாண்டோரின் வலியின்மை நிற்கின்றது. இவ்வுண்மையை மறைத்துவிட்டு, அழகுடையது எஞ்சியது, அழகில்லாதது அழிந்தது என்று கூறுவது ஆராய்ச்சியாகாது.

ஈழத்துக் கலைமரபு பற்றிய நூல்களைப் புரட்டுவோர் கண்டியரசுக் காலத்து வாள்களையும் கத்திகளையும் அவற்றிற் காண்பர். சிங்கமுகப் பிடி, மகரத்தலை, பிடியைச் சுற்றிப் படரும் கொடி, இதழ்வரிசை என்பனவெல்லாம் நுணுக்கமாக விவரிக்கப்பட்டிருக்கும். அதே மலைநாட்டில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகச் செடியோடு பழகிவந்த இன்னொரு கத்தி உண்டு. தேயிலைத் தோட்டத்துக் கவ்வாத்துக் கத்தியே அது. கலை பற்றிய எழுத்துகளில் அதற்கு ஒரு பந்தி கிடைப்பதும் அரிது. செடியின் உருவத்தைத் தன்மேற் சுமந்த வாள் கலை; செடிக்கே உருவங் கொடுத்த கத்தி வெறுங் கருவி. இவ்வாறு பிரித்துவைத்தோர் யாவர்? அப்பிரிவினை எந்த நியாயத்தின்மேல் நிற்கின்றது? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் மலையகத்தின் பண்பாடு பற்றிப் பேசுவது பயனற்றது.

இரும்பிற் பூத்த மலர்கள்

நல்லதண்ணி மஸ்கெலியாவுக்கு அப்பால், சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர். தோட்டத்துரைமார் டல்ஹவுஸி என்று வழங்கிய இடத்தை, அங்கு உழைத்த மக்கள் நல்ல தண்ணீரைக் கொண்டு அடையாளங் கண்டனர். மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை, நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் யாத்திரிகர் தேயிலை மலைகளைக் கடந்தே அங்கிருந்து மலையேறுகின்றனர். ஏறும் வழியில் யப்பானியப் பௌத்த சங்கமான நிப்பொன்சான் மியோஹோஜி எழுப்பிய சமாதானத் தூபி நிற்கின்றது. யப்பானை அத்தூபியின் வாயிலாக அறியும் யாத்திரிகர், அந்நாடு பல நூற்றாண்டுகளாகப் போர்க்கருவியின்மேற் செடிகொடிகளைப் பூக்கவைத்த நாடு என்பதையும் அறிதல் தகும்.

யப்பானிய வாளில் அலகு வேறு, அதன் அணிகள் வேறு. பிடிக்கும் அலகுக்கும் இடையே கையைக் காக்கும் வட்டமான உலோகத் தகடு 'ட்சுபா' எனப்படும். பிடியின் இரு முனைகளிலும் பொருத்தப்படும் பூண்கள், பிடியின் சுற்றுக்கயிற்றினுள் வைக்கப்படும் 'மெனுக்கி' எனும் சிறு உருவங்கள், உறையிற் செருகப்படும் சிறுகத்தியின் கைப்பிடி முதலியன பிற அணிகள். உள்ளங்கையில் அடங்கும் இப்பரப்பிற் செவ்வந்தி, பிளம், செரி, மூங்கில், தேவதாரு, இலையுதிர்காலப் புல் என ஒரு தாவர உலகமே செதுக்கப்பட்டது. செம்பிற் சிறிதளவு பொன் கலந்து, மருந்துநீரிற் பதப்படுத்திக் கருநீலம் பாய்ச்சிய 'ஷகுடோ' இரவின் நிறத்தைத் தந்தது. செம்பும் வெள்ளியும் கலந்த 'ஷிபுஇச்சி' பனியின் சாம்பல் நிறத்தைத் தந்தது. மீன்முட்டைகளை ஒட்டியதுபோல நுண்மணிகள் நிறைந்த பின்னணியிற் பொன்னிதழ் எழும்பி நிற்கும். இந்நுட்பத்தை வியவாதிருத்தல் அரிது.

ஆயின் இவ்வணிகள் மிகச் செழித்த காலம் எது? 1615இல் ஒசாக்காக் கோட்டை வீழ்ந்து தொக்குகாவா ஆட்சி உறுதிப்பட்ட பின்னர், இரண்டரை நூற்றாண்டுகள் அந்நாட்டிற் பெரும்போர்கள் அரிதாகவே நிகழ்ந்தன. வாள் போர்க்கருவி என்ற நிலையிலிருந்து படிப்படியாகச் சாதியடையாளமாக மாறியது. வெட்டவேண்டிய தேவை குறையக் குறைய அதன் அணி பெருகியது. உழவன் அணியமுடியாத இரட்டை வாளைச் சாமுராய் இடையிற் செருகினான். அவ்வாளில் உழவனது வயலோரத்துப் புல் பொன்னாற் பூத்தது. உழைக்கும் மக்களின் நிலத்திற் கிடந்த செடி, உழையாதோரின் இடுப்பில் அணிகலனாயிற்று.

1876ஆம் ஆண்டு மெய்ஜி அரசு, படையினரும் காவலரும் ஒழிந்த ஏனையோர் வாள் அணிவதைத் தடைசெய்தது. வாளணி செய்தோர் ஒரே ஆணையால் வாழ்விழக்கும் நிலையை எய்தினர். எனினும் அவர்களது கைத்திறனை அந்நாடு முற்றாகக் கைவிடவில்லை. அதே கைகள் பூச்சாடிகளையும் தூபக்கலங்களையும் ஆக்கின; அவை ஐரோப்பிய, அமெரிக்கக் கண்காட்சிகளுக்குச் சென்றன. வாளணிக் கலைஞரான கானோ நட்சுவோ (1828–1898) புதிய அரசின் நாணயங்களுக்கு வடிவமைத்தார். 1890இல் தோக்கியோ நுண்கலைப் பள்ளியின் பேராசிரியராக இருந்தார். பட்டறைக்காரன் பல்கலைக் கூடத்தின் ஆசிரியனானான். ட்சுபாவின் மேல் அதனைச் செய்தவன் தன் பெயரைப் பொறிக்கும் வழக்கமும் அங்கு பரவலாக இருந்தது. வாளுக்குரிய காலம் முடிந்த பின்னும் அதனை அணிசெய்தவனின் பெயரும் தொழிலும் மதிக்கப்பட்டன என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது.

கண்டியின் கொடி

ஈழத்திலும் வாளிற் கொடி படர்ந்தது. 'கஸ்தானே' எனப்படும் குறுவாளின் பிடி சிங்கமுகமாக முடியும். கைக்காப்பின் கிளைகள் மகரத் தலைகளாக வளையும். இடைவெளிகளை இலையும் கொடியும் நிரப்பும். சிங்களக் கலைஞர் இக்கொடியை 'லியவெல' என்பர். கண்டியரின் இடைக்கத்தியிலும் வெள்ளியாலும் பித்தளையாலும் பதிக்கப்பட்ட இக்கொடி அலகின் அடிவரை படர்வதுண்டு. அரசனுக்குரிய கைவினை 'பட்டல் ஹத்தர' என்ற நான்கு பட்டறைகளில் நடைபெற்றது. அவற்றுள் ஒன்று பொன்வாளுக்கென்றே அமைந்தது. கஸ்தானே பெரும்பாலும் பதவியின் சின்னம். அரசன் தன் பிரதானிக்கு அளித்த கௌரவம். யப்பானில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்ந்தது. வெட்டாத வாளிலேதான் கொடி செழித்தது.

1765இல் ஒல்லாந்தர் கண்டி நகருட் புகுந்து அரண்மனையைக் கொள்ளையிட்டனர். அப்போது அரசிருந்தவன் மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி சிறீ இராசசிங்கன். அரண்மனையிலிருந்து எடுக்கப்பட்டு நெதர்லாந்தின் அரும்பொருட் சாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த பீரங்கி, பொன்வாள், வெள்ளிவாள், கத்தி, இரு துப்பாக்கிகள் ஆகிய ஆறு பொருள்களை அந்நாடு 2023இல் இலங்கைக்குத் திருப்பியளித்தது. நாடு அவற்றை மகிழ்வோடு வரவேற்றது. வரவேற்றதிற் பிழை யாதும் இல்லை. கொள்ளையிட்ட பொருள் உரியவரிடம் மீள்வதே நீதி.

ஆயின் இங்கு ஒரு வினா எழுகின்றது. தமிழகத்து வழிவந்த அரசன் ஒருவனின் அரண்மனை வாள், இந்நாட்டின் தேசிய மரபென்று தயக்கமின்றி ஏற்கப்படுகின்றது. அவ்வாறே ஏற்கப்படவும் வேண்டும். அவ்வரசனுக்குப் பின், அதே தமிழகத்திலிருந்து அதே மலைநாட்டுக்கு வந்து காட்டை வெட்டி, கோப்பியை நட்டு, கோப்பி அழிந்தபின் தேயிலையை வளர்த்த மக்களின் கைக்கருவி ஏன் அவ்வாறு ஏற்கப்படவில்லை? கடல் கடந்து வந்தமை காரணமெனில் அரசனும் கடல் கடந்த வழியினனே. காரணம் பிறப்பிடமன்று, பதவியே. சிங்காசனத்துக்கு வந்தவன் சுதேசியானான்; லயத்துக்கு வந்தவன் அந்நியனானான்.

சட்டம் வரைந்த கோடு

இவ்வேறுபாடு எழுத்தாளரின் மனப்போக்கில் மட்டும் உறைந்திருக்கவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், தொல்பொருள் எதுவென வரையறுக்கையில் 1815 மார்ச் 2ஆம் திகதியை எல்லையாக வகுத்தது. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாகி அவ்வரசு பிரித்தானியரிடம் வீழ்ந்த நாள் அது. அந்நாளுக்கு முற்பட்டது தொல்பொருள். பிற்பட்டது அவ்வரையறைக்குப் புறம்பானது. பிற்காலச் சின்னங்களைத் தனிக்கட்டளையாற் பாதுகாக்கச் சட்டத்தில் வழி இல்லாமலில்லை. எனினும் இயல்பாகக் கிடைக்கும் உரிமை வேறு, கேட்டுப் பெறவேண்டிய சலுகை வேறு.

இக்கோட்டின் விளைவு யாது? தோட்டத் தொழிலாளர் 1820களுக்குப் பின்னரே கோப்பிக் காணிகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். சேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் வணிக நோக்கிலே தேயிலை பயிரிட்டது 1867இல். ஆகவே மலையகத் தமிழரின் கை தொட்ட ஒவ்வொன்றும் கோட்டுக்கு அப்பாற் சென்றுவிடுகின்றது. வரையறை எவரையும் பெயர்சொல்லி விலக்கவில்லை. திகதி ஒன்றை எழுதியது, அவ்வளவே. ஆயின் அத்திகதியே ஒரு மக்கள் கூட்டத்தின் முழு வரலாற்றையும் வெளியே நிறுத்தப் போதுமானதாயிற்று.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இதனை ஆட்களின்மேற் செய்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று மனிதரைச் சரக்குப்போற் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தைப் பத்தாண்டின் பின் பாதிபாதியாகப் பிரித்தது. நாடற்றோர் என்ற நிலை பிற்காலச் சட்டங்களால், இறுதியாக 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால், நீங்கியது. ஆள் பிரசையானான். அவனது கத்தி இன்னும் பிரசாவுரிமை பெறவில்லை.

கத்தி செய்த வேலை

கவ்வாத்து என்பது என்னவென்று அறியாமலே தேயிலை மலைகளின் அழகைப் பாடுவோர் பலர். தேயிலை இயல்பிற் செடியன்று, மரம். விட்டுவிட்டால் இரண்டாள் உயரத்துக்கு மேலே வளர்ந்து, வெண்ணிறப் பூப்பூத்துக் காய்க்கும். யப்பானியக் கலைஞர் விரும்பி வரைந்த கமேலியா மலரும் தேயிலையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அம்மரத்தை இடுப்பளவிலே நிறுத்தி, பூக்கும் ஆற்றலைத் தளிர்க்கும் ஆற்றலாக மாற்றி, மலைச்சரிவு முழுவதையும் மட்டமான பச்சை விரிப்பாக்கியது கத்தி. யப்பானியக் கலைஞன் இரும்பைப் பூக்கவைத்தான். கவ்வாத்துக்காரன் இரும்பைக்கொண்டு பூக்கும் மரத்தைப் பூவாமற் கொழுந்தாக்கினான். இவற்றுள் எது எளிது?

உயர்நாட்டுத் தோட்டங்களில் ஏறத்தாழ நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மலைக்குக் கவ்வாத்து முறை வரும். வெட்டுவதற்கு முன் செடி இளைப்பாற விடப்படும். வேரிற் போதிய மாப்பொருள் சேர்ந்திராவிடின் வெட்டுண்ட செடி மீளத் தளிர்க்கமாட்டாது. வெட்டு வாய் சாய்வாக, வழுவழுப்பாக இருத்தல் வேண்டும். கிளை பிளந்தால் நீர் தேங்கும். நீர் தேங்கினால் அழுகும். அழுகல் உள்ளிறங்கினாற் பல தலைமுறைகளுக்குப் பயன்தரவேண்டிய செடி மடியும். நோயுற்ற கிளை எது, வலுவுள்ள கிளை எது, குறுக்கே வளர்ந்து நடுவை அடைப்பது எது என்பதை ஒரு பார்வையில் அறிந்து வெட்டவேண்டும். சில முறைகளிற் செடியின் ஓரத்துக் கிளைகள் சில, மூச்சுக்கென்று இலையோடு விடப்படும். எவற்றை விடுவது என்பதும் கையின் தீர்ப்பே. இவையனைத்தையும் சரிவில் நின்று, பனியிலும் காற்றிலும், ஒரு நாளைக்குரிய செடிக்கணக்கை முடிக்கவேண்டிய அவசரத்திற் செய்தாக வேண்டும்.

கண்டியக் கலைஞன் 'லியவெல'யைச் செதுக்குகையில் ஒரு கோடு பிழைத்தால் உலோகம் வீணாகும். கவ்வாத்துக்காரனின் வெட்டு ஒன்று பிழைத்தால் உயிர் வீணாகும். முன்னதன் வளைவை அளந்து வரைபடமிட்ட ஆராய்ச்சி, பின்னதன் சாய்வை ஏன் அளக்கவில்லை? மலைச்சரிவில் நிரைநிரையாக விரியும் தேயிலைப் பரப்பை வாட்பிடியின் கொடியோடு ஒப்பிட்டால், அளவாற் பெரியதும் உயிருள்ளதுமான தாவர அலங்காரம் இந்நாட்டில் அதுவே எனலாம். அதனை வரைந்த எழுத்தாணி கவ்வாத்துக் கத்தி. வெளிநாட்டார் வந்து படம்பிடித்துச் செல்லும் அழகு அக்கத்தியின் கையெழுத்து. கையெழுத்துக்கு உரியவனோ படத்தில் இல்லை.

தோட்டத்து மொழியில் ஒரு நாட் கூலிக்குப் 'பேர்' என்று பெயர். முழு நாள் வேலை முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். செக்றோலில் நாள்தோறும் பேர் விழுந்த தொழிலாளிக்கு வரலாற்றில் ஒரு பேரும் விழவில்லை. ஒரு சொல்லிலே இத்தனை கசப்பான முரணைச் சுமந்து நிற்கும் வழக்கு தமிழிற் பிறிதொன்று உண்டோ?

ஆனந்த குமாரசுவாமி காட்டிய வழி

இவ்வினாக்களுக்கு விடைதேடப் புதிய கோட்பாடு எதனையும் இறக்குமதி செய்யவேண்டியதில்லை. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி (1877–1947) 1908இல் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற தமது ஆங்கிலப் பெருநூலை வெளியிட்டார். கனிப்பொருள் அளவைத் துறையின் தலைவராக மலைநாட்டிற் சுற்றியலைந்த காலத்தில், கைவினைஞரோடு பழகி அவர்தம் தொழிலை அறிந்தார். அந்நூலின் சிறப்பு அழகிய பொருள்களைத் தொகுத்ததில் மட்டும் இல்லை. பொருளோடு அதனைச் செய்தவனின் நிலமானியம், ஊழியம், கருவி, தொழிற்சொல், சமூகநிலை ஆகியவற்றையும் ஒருங்கே ஆராய்ந்ததே அதன் சிறப்பு. கலையையும் பயன்பொருளையும் இருவேறு சாதியாகப் பிரிப்பதை அவர் ஏற்கவில்லை.

அதே 1908இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலை, ஒக்காபே காக்குயா என்ற யப்பானிய அறிஞர் எழுதிய ட்சுபாக்கள் பற்றிய நூலை வெளியிட்டது. 1917 முதல் மறையும்வரை குமாரசுவாமி பணியாற்றியதும் அந்நூதனசாலையிலேதான். யப்பானிய வாளணியும் கண்டிய வாளணியும் ஒரே ஆண்டில் நூலேறின. இரண்டும் இன்று உலகறிந்தவை. தந்தை வழியில் ஈழத் தமிழரான அறிஞர் ஒருவர் சிங்களக் கைவினைஞனுக்குச் செய்த அப்பணியை, மலையகத் தொழிலாளிக்குச் செய்ய ஒரு நூற்றாண்டு கடந்தும் நம் பல்கலைக்கழகங்கள் முழுமையாக முன்வரவில்லை. குமாரசுவாமியின் படத்தை மண்டபத்தில் மாட்டுவது எளிது; அவர் முறையைக் கைக்கொள்வது கடினம்.

மறுப்புகள்

இதற்கு மூவகை மறுப்புகள் எழும்.

முதலாவது, கவ்வாத்துக் கத்தியில் அலங்காரம் இல்லை, ஆதலால் அது கலையன்று என்பது. இவ்வாறு கூறுவோர் தமிழிலக்கியம் கற்றவராயின் புறநானூற்றின் 95ஆம் பாட்டை மறந்தவராவர். அதியமான் நெடுமானஞ்சியின் தூதாகத் தொண்டைமானிடஞ் சென்ற ஔவையார், அவனது படைக்கலக் கொட்டிலைக் கண்டு பாடிய பாட்டு அது. மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசிக் காவல் மிக்க மாளிகையில் இருக்கும் படைக்கலங்கள் ஒருபுறம். பகைவரைக் குத்திக் கங்கும் நுனியும் முறிந்து கொல்லனின் சிறு பட்டறையிற் கிடக்கும் படைக்கலங்கள் மறுபுறம். ஔவையின் புகழ்ச்சி முன்னதற்குப் போலத் தோன்றிப் பின்னதற்கே சென்று சேர்கின்றது. தேய்மானமே கருவியின் அணி என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்ப் புலமை உணர்ந்திருந்தது. தீட்டித் தீட்டி அலகு குறுகிய கவ்வாத்துக் கத்தி அப்பாட்டின் வாரிசு. அதனைப் பேழையிலுள்ள வாளுக்குக் கீழே வைப்போர் தொண்டைமானின் பக்கத்திலே நிற்கின்றனர்.

இரண்டாவது மறுப்பு வலிமையுடையது. கவ்வாத்துக் கத்தி சுரண்டலின் கருவி. துரைத்தனம் தொழிலாளியின் கையிற் திணித்த இரும்பு. அதனைப் போற்றுவது அடிமைத்தனத்தைப் போற்றுவதாகாதா என்பது அது. முற்போக்குச் சிந்தனையுடையோர் இதனை எழுப்புவர், எழுப்பவும் வேண்டும். ஆயின் அதே அளவுகோலைக் கஸ்தானேயின் மேலும் வைத்துப் பார்க்கவேண்டும். கண்டியக் கைவினைஞன் இராசகாரிய முறையின் கீழ் அரசனுக்கு ஊழியஞ் செய்தவன். அம்முறை 1833இலேயே ஒழிந்தது. கட்டாய ஊழியத்தின் விளைபொருளான வாளில் ஊழியனின் திறமையைக் காணும் கண், கூலி உழைப்பின் கருவியில் உழைப்பாளியின் திறமையைக் காண மறுப்பதேன்? சுரண்டலைக் கண்டிப்பதும் சுரண்டப்பட்டவனின் அறிவை மதிப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல. அவ்வறிவை மறுப்பதே சுரண்டலின் கடைசிப் படி. தொழிலாளியை வெறும் வியர்வையாகக் காண்பது துரையின் கணக்குப்புத்தகம். இரக்கத்தின் பெயரால் அதே கணக்கை நாமும் எழுதலாகாது.

மூன்றாவது மறுப்பு நம்மவரிடையே பேசப்படாமல் நிலவுவது. தமிழ்ச் சங்க மலர்களிற் கட்டுரை எழுதுவோர் வேம்பும் ஆத்தியும் பனையும் மூவேந்தர் சின்னமாயின என்றும், வெட்சி முதலாகப் போருக்கே பூவின் பெயரிட்ட இனம் தமிழினம் என்றும் பெருமிதங் கொள்வர். அப்பெருமிதம் பொருந்துவதே, யப்பானியக் குலச்சின்னங்களோடு ஒப்பிட்டு ஆராயவும் அதில் இடமுண்டு. ஆயின் வேந்தர் சூடிய வேம்பை அறிந்த மாணவனுக்குத் தன் தாய் கிள்ளிய கொழுந்தின் தொழிற்சொற்கள் தெரியாதிருப்பது எவ்வகைத் தமிழறிவு? பெரட்டு, கவ்வாத்து, மட்டக்கம்பு, முள்ளுக்குத்து முதலிய சொற்களைக் கொச்சையென்று ஒதுக்கும் புலமை, சிங்களக் கலைஞனின் 'லியவெல'யை மட்டும் கலைச்சொல்லென்று மேற்கோள் காட்டுவது விந்தையிலும் விந்தை.

காலம் காத்திராது

இவ்விவகாரத்தை ஆறுதலாகப் பின்னர் நோக்கலாம் என்பதற்கில்லை. கவ்வாத்துக்கு இயந்திரங்கள் வந்துவிட்டன. சுழலும் அலகு செடியின் தலையைச் சீவும். எந்தக் கிளை நோயுற்றது என்று அது கேளாது. இளைஞர் தோட்டத்தை விட்டு நகரங்களுக்குச் செல்கின்றனர். அவர்கள் செல்வது நியாயமே. கத்தியைப் பேணுவதற்காக மனிதனை லயத்திலே நிறுத்திவைக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆயின் கத்தியை விட்டுச் செல்பவனிடம் இருக்கும் அறிவு அவனோடு போகின்றது. 1876இல் யப்பானிய வாளணிக் கலைஞன் எதிர்நோக்கிய நாள் மலையகத்தின் வாசலில் நிற்கின்றது. அவனுக்குத் தோக்கியோவிற் பள்ளியொன்று திறந்தது. கவ்வாத்துக்காரனுக்கு எந்தப் பள்ளி திறந்திருக்கின்றது?

நல்லதண்ணிக்குச் செல்லும் பாதைக்கு அருகேயே ஓர் எச்சரிக்கை உண்டு. 1969இல் நிறைவெய்திய மவுசாக்கலை நீர்த்தேக்கத்தினுட் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. நீர் வற்றும் காலத்திற் பழைய வழிபாட்டிடங்களின் சிதைவுகள் தலைகாட்டும். மக்கள் சென்று பார்த்து வருவர். கல்லாற் கட்டியது வறட்சியிலேனும் மீளத் தோன்றும். கைப்பழக்கம் மூழ்கினால் எந்த வறட்சியிலும் தோன்றாது.

முயற்சிகள் அறவே இல்லையென்று கூறுவது நன்றிமறத்தலாகும். கம்பளைக்கு அண்மையிற் பழைய லயமொன்று தோட்டத் தொழிலாளரின் நூதனசாலையாக ஆக்கப்பட்டுள்ளது. ஆனால் அது அரச நிறுவனம் ஒன்றன் ஆக்கமன்று, அக்கறையுள்ளோரின் தனிமுயற்சி. கண்டி, ஹந்தானையில் 1925இல் எழுந்த தேயிலை ஆலை ஒன்றும் நூதனசாலையாகி உள்ளது. சேம்ஸ் ரெயிலரின் நினைவும் பழைய இயந்திரங்களும் அங்கு போற்றப்படுகின்றன. ரெயிலருக்கு நினைவிடம் இருத்தல் தகும். அவரது செடியை ஒன்றரை நூற்றாண்டு சாகாமற் காத்த கைகளுக்கு நாட்டின் தலைநகரிலேயே இடம் இருத்தல் அதனினும் தகும்.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. கொழும்புத் தேசிய நூதனசாலையிற் கஸ்தானே இருக்கும் அதே கூரையின் கீழ்க் கவ்வாத்துக் கத்தி வைக்கப்படல் வேண்டும். ஏழைகளின் மூலையொன்றில் அன்று, உலோகக் கைவினையின் வரிசையில். அதன் அருகே கைப்பிடியின் மரம், அலகின் வளைவு, வெட்டின் சாய்வு ஆகியன விளக்கப்படல் வேண்டும். அதனைக் கையாண்டோர் இசைந்தால் அவர் பெயரும் பொறிக்கப்படல் வேண்டும். தொல்பொருள் என்ற சொல்லுக்கு 1815 எல்லையாக நிற்பதன் நியாயம் வெளிப்படையாக விவாதிக்கப்படல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தோட்டத் தொழிற்சொற்களைத் தொகுத்து அகராதியாக்கல் வேண்டும். மலையகத்திலிருந்து வரும் மாணவர், விடுமுறைக்கு வீடு செல்கையில் முதிய கவ்வாத்துக்காரர் ஒருவரிடம் ஒரு நாளேனும் அமர்ந்து அவர் கூறுவதைக் குறித்துக்கொண்டு வரல் வேண்டும். இவற்றுள் இறுதியானதற்கு அரசாணையும் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை.

ஒல்லாந்தர் கொண்டுபோன வாளை மீட்க இந்நாடு இரண்டரை நூற்றாண்டு காத்திருந்தது. கவ்வாத்துக் கத்தியை எவரும் கொள்ளையிட்டுச் செல்லவில்லை. ஆதலால் எவரிடமிருந்தும் அதனை மீட்கவேண்டிய வழக்கும் இல்லை. அது இன்னும் லயத்துக் கூரையின் இறப்பிற் செருகப்பட்டிருக்கின்றது. துருப்பிடிக்குமுன் சென்று கேட்பதே எஞ்சியுள்ள கடமை.